டர்போவைக் கழற்றுவதற்கு முன் டிரிம் எண்ணைப் படியுங்கள்

கேள்வி: 20 ஆண்டுக்கு மேல் ஓடிய பெட்ரோல் டர்போ கார் வைத்திருக்கிறேன். 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர். சில மாதங்களாக வண்டி நிற்கும்போது இன்ஜின் நடுங்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு நிமிடம் மிக மோசம், பிறகு ஓரளவு அடங்கும். ஓட்டத்தில் பெரிய குறை இல்லை. ஆனால் டர்போ இழுக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று காற்று சீறும் சத்தம் வருகிறது. வால்வ் கவர் ஓரத்தில் ஆயில் கசிகிறது. இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு, அதாவது மெலிவு), பி0300 (கலவை சரியாக எரியாத மிஸ்ஃபயர்). ஸ்பார்க் பிளக் நான்கு, காயில் நான்கு, ஏர் மாஸ் மீட்டர் (உள்ளே போகும் காற்றை அளப்பது) எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. த்ராட்டில் பாடியை (காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு) கழற்றிச் சுத்தம் செய்த பிறகு ஐட்லிங் 700-க்கும் 1150-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. ஐட்லிங்கில் லாங் டெர்ம் டிரிம் (பெட்ரோல் அளவில் செய்யும் நீண்டகாலத் திருத்தம், சதவீதத்தில்) +19, ஷார்ட் டெர்ம் டிரிம் (உடனடித் திருத்தம்) +6, காற்று நொடிக்கு 2.4 கிராம். 2500 ஆர்பிஎம்மில் இரண்டு டிரிம்மும் சேர்த்து +7. இன்டர்கூலர் குழாயில் ஆயில் இருப்பதால் டர்போ போய்விட்டது என்கிறார் மெக்கானிக். ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா? கார்ப் கிளீனர் அடித்து நானே வேக்கம் லீக் (அளக்காத காற்று உள்ளே புகும் ஓட்டை) தேடலாமா?

பதில்: டர்போவையும் ஆக்சிஜன் சென்சாரையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். நீங்கள் அனுப்பிய எண்களிலேயே பாதிப் பதில் இருக்கிறது. த்ராட்டிலுக்குப் பின்னால், அல்லது கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதிக் கூடு) காற்றோட்டக் குழாய்களில், சுமார் 2 மி.மீ. துளை அளவுக்குக் காற்று உள்ளே புகுகிறது. இத்துடன், த்ராட்டிலைச் சுத்தம் செய்தபோது அதன் அடாப்டேஷன் (இன்ஜின் கணினி கற்றுவைத்த திறப்பளவு) கலைந்துபோயிருக்கிறது. டர்போ இழுக்கும்போது வரும் சீறல் அநேகமாக மூன்றாவதாக ஒரு கோளாறு. மூன்றையும் ஒரே நோயாக நினைத்துத் தேடியதால்தான் இத்தனை பாகம் மாற்றியும் பலன் இல்லை.

2 மி.மீ. என்ற கணக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். நல்ல நிலையில் உள்ள 1.8 லிட்டர் இன்ஜின் ஐட்லிங்கில் நொடிக்கு ஏறக்குறைய 3 கிராம் காற்று இழுக்கும். அப்போது மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாய்) இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்குதான். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் எந்தத் துளை வழியாகவும் காற்று அதன் உச்ச வேகத்தில் பாயும்; உள்ளே இன்னும் கொஞ்சம் அழுத்தம் குறைந்தாலும் அளவு கூடாது. 2 மி.மீ. துளை வழியாக நொடிக்குச் சுமார் 0.6 கிராம் புகும். இன்ஜினுக்கு வேண்டியது 3 கிராம், மீட்டர் வழியாக வந்தது 2.4 கிராம். இசியு (இன்ஜின் கணினி) 2.4 கிராமுக்குத்தான் பெட்ரோல் விடும். போதவில்லை என்று ஆக்சிஜன் சென்சார் சொன்னதும் நாலில் ஒரு பங்கு கூட்டும். உங்கள் +19-ம் +6-ம் சேர்ந்தால் அதே +25.

2500-இல் வண்டி நின்றபடி சுற்றும்போது இன்ஜின் 9 கிராம் அளவுக்கு இழுக்கும். துளை வழியாக வருவது அதே 0.6 கிராம்தான். அதனால் பிழை 7 சதவீதமாகச் சுருங்குகிறது. உங்கள் எண் அதையும் அப்படியே காட்டுகிறது. முழு இழுப்பில் நொடிக்கு 100 கிராமுக்கு மேல் காற்று போகும்போது இந்தத் துளை ஒரு பொருட்டே இல்லை. ஓட்டத்தில் குறை தெரியாததற்குக் காரணம் அதுதான்.

ஏர் மாஸ் மீட்டர் குறைத்துக் காட்டினாலோ, பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தாலோ டிரிம் இப்படி இறங்காது. மீட்டர் பிழை எல்லா வேகத்திலும் தொடரும். பம்ப் அல்லது ஃபில்டர் கோளாறு இழுப்பு கூடக் கூட மோசமாகும். ஐட்லிங்கில் மட்டும் டிரிம் ஏறி, ஆர்பிஎம் கூடும்போது பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் அது வேக்கம் லீக்கின் கையெழுத்து.

டர்போ வண்டியில் காற்றுப் பாதை முழுவதையும் ஒரே குழாயாகப் பார்க்கக் கூடாது; மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் பகுதி ஏர் மாஸ் மீட்டரிலிருந்து டர்போ வாய் வரை. ஐட்லிங்கில் அங்கே உறிஞ்சல் மிகக் குறைவு. இழுப்பில்தான் பலமாக உறிஞ்சும். ஆகவே அங்கே ஓட்டை இருந்தால் ஓட்டத்தில் டிரிம் கூடும். இரண்டாவது பகுதி டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக த்ராட்டில் வரை. ஐட்லிங்கில் அங்கே கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அழுத்தம்தான். ஓட்டை இருந்தாலும் நடுக்கம் வராது. டர்போ இழுக்கும்போது, அளந்த காற்று அந்த வழியாக வெளியே ஓடும். இசியு அந்தக் காற்றுக்கும் சேர்த்து பெட்ரோல் விட்டிருக்கும். கலவை கெட்டியாகும், கரும்புகை வரும், பிக்கப் குறையும். மூன்றாவது பகுதி த்ராட்டிலுக்குப் பின்னால் உள்ள மேனிஃபோல்டும் அதிலிருந்து கிளம்பும் சின்ன ஹோஸ்களும். அங்கே ஒரே விரிசல் ஐட்லிங்கில் உள்ளே உறிஞ்சும், பூஸ்டில் (டர்போ காற்றை அழுத்தி அனுப்பும்போது) வெளியே ஊதும்.

கிராங்க்கேஸ் காற்றோட்டம், அதாவது பிசிவி அமைப்பு, முதல் பகுதிக்கும் மூன்றாவதற்கும் சொந்தம். ஐட்லிங்கில் கிராங்க்கேஸ் ஆவி ஒரு செக் வால்வ் (ஒருவழி வால்வ்) வழியாக மேனிஃபோல்டுக்குப் போகிறது. பூஸ்டில் அந்த வால்வ் மூடி, ஆவி டர்போ வாய்க்குத் திரும்புகிறது. பழைய டர்போ வண்டியில் என் முதல் சந்தேகம் எப்போதும் இந்த இடத்தின் மேல்தான். ஆயில் ஆவியும் சூடும் சேர்ந்து ரப்பரைத் தின்றுவிடும். மேலிருந்து பார்த்தால் ஹோஸ் முழுசாக இருக்கும். மேனிஃபோல்டுக்கு அடியில் கையை விட்டு எல்போ வளைவின் அடிப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் அழுத்தினால் திமிறும். கெட்டது ஊறிப்போன பஞ்சாகக் குழையும், விரலில் கருமை ஒட்டும், வளைத்தால் நீளவாக்கில் ஒரு வாய் திறக்கும். கையை எடுத்ததும் அந்த வாய் மூடிக்கொள்ளும். பார்வையில் அது அகப்படாமல் போவதற்கு இதுவே காரணம்.

உங்கள் வால்வ் கவர் ஓரத்து ஆயில் கசிவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். செக் வால்வ் மூடாமல் போனால் பூஸ்ட் அழுத்தம் நேராக கிராங்க்கேஸுக்குள் புகுந்து ஆயிலை சீல்கள் வழியாக வெளியே தள்ளும். வால்வைக் கழற்றித் துடைத்து, ஒரு சுத்தமான ஹோஸ் துண்டு வழியாக இரண்டு பக்கமும் ஊதுங்கள். கிராங்க்கேஸிலிருந்து மேனிஃபோல்டு பக்கமாக மட்டுமே காற்று போக வேண்டும். இரண்டு பக்கமும் போனால் வால்வ் போய்விட்டது. சுத்தம் செய்து திரும்பப் போட வேண்டாம், புதிது போடுங்கள். பொருத்தும்போது அம்புக்குறியின் திசையைக் கவனியுங்கள். திருப்பிப் போட்டால் புது வால்வும் பழைய கோளாறையே காட்டும்.

டிப்ஸ்டிக் குழாய் ஓ-ரிங், ஆயில் மூடி கேஸ்கட், வால்வ் கவர் கேஸ்கட் ஆகியவற்றில் கசிந்தாலும் அதுவும் வேக்கம் லீக்தான். மேனிஃபோல்டு கிராங்க்கேஸை உறிஞ்சும்போது அந்த இடைவெளி வழியாக அளக்காத காற்று வருகிறது. ஆயில் கசிவு என்று மட்டும் இதை எண்ணிவிடுகிறோம்.

இனி தேடும் வரிசை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். மேனிஃபோல்டு கேஸ்கட் கசிவு குளிரில்தான் அதிகம். அலுமினியம் சூடாகி விரியும்போது தானாக இறுகி மறைந்துவிடும். உங்கள் வண்டி முதல் இரண்டு நிமிடம் கூடுதலாக நடுங்குவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று, அந்த நேரத்தில் ஆக்சிஜன் சென்சார் சூடாகவில்லை. இசியு திருத்தம் முழுமையாகத் தொடங்கவில்லை. மெலிந்த கலவை அப்படியே எரிகிறது, அல்லது எரியாமல் மிஸ் அடிக்கிறது. பி0300 வந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். மிஸ்ஃபயர் ஆனாலும் எரியாத ஆக்சிஜன் வெளியே போய் சென்சாரை ‘மெலிவு’ என்று சொல்ல வைக்கும் என்பதால் பிளக் சந்தேகமும் நியாயமானதே. ஆனால் அதைத்தான் மாற்றிவிட்டீர்களே. பிளக் இடைவெளியை மட்டும் ஒருமுறை அளந்துவிடுங்கள். இவ்வகை டர்போ இன்ஜினுக்கு 0.7 முதல் 0.8 மி.மீ. வழக்கம், பெட்டியிலிருந்து எடுத்தபடியே போட்டால் சிலது 1 மி.மீ.-க்கு மேல் இருக்கும்.

முதலில் மேல் மூடியை எடுத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் எல்லா ஹோஸையும் கையால் தடவுங்கள். கழற்றும் முன் படம் எடுங்கள், ஒரு தாளில் வரைந்தும் கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஹோஸ் மட்டுமே கழற்ற வேண்டும். பூஸ்ட் கட்டுப்பாட்டு சோலனாய்டின் ஹோஸ்கள் இடம் மாறினால் டர்போ அளவுக்கு மீறி ஊதக்கூடும். அது இன்ஜினையே கெடுக்கும்.

அடுத்தது ஆயில் மூடி. ஐட்லிங்கில் அதைத் திறந்து, வாயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். தாள் லேசாக உள்ளே இழுக்கப்பட வேண்டும். மூடியைத் திறந்தபோது ஐட்லிங் கொஞ்சம் மாறுவது இயல்பு. தாள் படபடவென்று மேலே தள்ளப்பட்டால் காற்றோட்டம் அடைபட்டிருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியைத் திறக்கவே முடியாத அளவுக்குப் பிடித்து உறிஞ்சினாலோ, திறக்கும்போது விசில் அடித்தாலோ, பிசிவி அழுத்த வால்வின் சவ்வு கிழிந்து கிராங்க்கேஸ் நேராக மேனிஃபோல்டின் உறிஞ்சலுக்கு ஆளாகியிருக்கிறது.

பிறகு பிரேக் பூஸ்டர், அதாவது மேனிஃபோல்டின் உறிஞ்சலால் பிரேக் மிதியை இலகுவாக்கும் பாகம். இன்ஜின் ஆஃப் நிலையில் பெடலைப் பல தடவை மிதித்து வேக்கத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து மிதித்தால் முதல் மிதி மென்மையாக இருக்க வேண்டும். கல் போல இருந்தால் செக் வால்வோ பூஸ்டரோ பிடித்து வைக்கவில்லை. ஐட்லிங்கில் பெடலை மிதித்துப் பிடிக்கும்போது உள்ளே தொடர்ந்து சீறினால், டிரிம்மும் அப்போது மாறினால், பூஸ்டர் சவ்வு சந்தேகத்துக்குரியது. டர்போ வண்டிகள் சிலவற்றில் இந்தப் பாதையில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சு ஜெட் இருக்கும். சூட்டில் அதன் முனை நொறுங்கிவிடும். தொட்டவுடன் கையோடு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இதற்குள் ஆள் அகப்படவில்லை என்றால் ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்ப்பதுதான் வழி. மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஹோஸ்களில் ஒன்றைக் கழற்றி, மேனிஃபோல்டு முனையை ரப்பர் தொப்பியால் அடையுங்கள். ஸ்கேனரில் ஷார்ட் டெர்ம் டிரிம்மைப் பாருங்கள். சில நொடி பொறுக்க வேண்டும். +6 சட்டென்று −10, −15 என்று விழுந்தால் ஒழுக்கு அந்தக் கிளையில்தான். லாங் டெர்ம் எண் உடனே மாறாது, அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஹோஸை இடுக்கியால் நசுக்கிப் பார்க்கும் முறையும் உண்டு. ஆனால் 20 வருட ரப்பரும் பிளாஸ்டிக்கும் நசுக்கினால் உடையும், புது ஓட்டை உங்கள் கையாலேயே வரும். கழற்றி அடைப்பதே நல்லது. பிரேக் பூஸ்டர் ஹோஸை அடைத்திருக்கும்போது வண்டியை நகர்த்தக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சுற்றில் இரண்டு பாகங்களை விடாதீர்கள். ஒன்று பெட்ரோல் ஆவி பர்ஜ் வால்வ். மின் இணைப்பு இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும். ஊதினால் காற்று போகக் கூடாது. இன்னொன்று டைவர்ட்டர் வால்வ், அதாவது காலை எடுத்ததும் மிச்ச பூஸ்டை டர்போ வாய்க்குத் திருப்பிவிடுவது. அதன் சவ்வு கிழிந்தால் மெல்லிய வேக்கம் ஹோஸ் வழியாக ஐட்லிங்கிலும் கசியும், பூஸ்டிலும் காற்று திரும்பி ஓடும். உங்கள் நடுக்கத்துக்கும் சீறலுக்கும் ஒரே காரணம் இருக்குமானால் அது மேலே சொன்ன மூன்றாவது பகுதி விரிசலாகவோ இதுவாகவோ இருக்கலாம். கை வேக்கம் பம்பால் அதன் சின்ன முனையில் 0.6 பார் உறிஞ்சுங்கள். உள்ளே பிஸ்டன் நகர வேண்டும், முள் ஒரு நிமிடமாவது இறங்காமல் நிற்க வேண்டும். பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டருக்கு வேக்கம் ஹோஸ் போகும் வண்டியானால் அந்த ஹோஸையும் முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் சவ்வு கிழிந்துவிட்டது. அது டிரிம்மை எதிர்ப்பக்கம் இழுத்து உங்கள் கணக்கையே குழப்பும்.

மேனிஃபோல்டின் உறிஞ்சலைக் காட்டும் வேக்கம் கேஜை மட்டும் நம்ப வேண்டாம். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள வண்டியில், காற்று வேறு வழியாக வந்தால் இசியு த்ராட்டிலை அந்த அளவுக்குக் குறைத்து மூடிவிடும். மொத்தக் காற்று மாறாததால் கேஜ் −0.65 பார் என்று அழகாகவே காட்டும். த்ராட்டில் இனி மூட முடியாத எல்லைக்குப் போன பிறகுதான் முள் இறங்கும். கேஜின் பயன் வேறு: முள் சீரான தாளத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் ஒரு சிலிண்டரின் வால்வ் சரியாக அமரவில்லை என்று பொருள். அப்படியானால் ஹோஸ் தேடுவதை நிறுத்தி கம்ப்ரெஷன் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கேஜ் சுமார் 0.03 பார் குறைத்தே காட்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கார்ப் கிளீனர் கேள்விக்கு வருகிறேன். வேண்டாம். டர்போ இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்பைன் கூடும் தீப்பற்ற வைக்கும் அளவுக்குச் சூடாகும். அவை இன்டேக் ஹோஸ்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அதிலும் மோசம். சூட்டில் சிதைந்து ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும், விடையும் நம்பத்தக்கதாக இல்லை. அடித்த ஆவி ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போனாலும் ஐட்லிங் மாறும். அதை லீக் என்று நினைத்து நல்ல கேஸ்கட்டைக் கழற்றுவீர்கள்.

அதைவிட, உள்ளே புகை விட்டு அது வெளிவரும் இடத்தைப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்யுங்கள். ஸ்மோக் மெஷின் உள்ள பட்டறையில் அரை மணி நேர வேலை. டர்போ வண்டிக்கு இதில் ஒரு சூட்சுமம் உண்டு: புகையை பிரேக் பூஸ்டர் ஹோஸ் வழியாக விடுவதானால் செக் வால்வுக்கு இன்ஜின் பக்கம் விட வேண்டும், மறுபக்கம் விட்டால் அளவு குறையும் அல்லது நின்றுவிடும். ஏர் மாஸ் மீட்டருக்குப் பின்னால் உள்ள குழாயை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் த்ராட்டில் இடுக்கு வழியாகப் புகை அங்கே ஓடிவிடும். அழுத்தம் 0.05 பார் போதும். நிரம்ப இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். எக்ஸாஸ்டில் மெல்லிய புகை வந்தால் பதற வேண்டாம். ஏதோ ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் சற்றே திறந்திருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து இன்ஜெக்டர் அடிப்பகுதி, மேனிஃபோல்டு ஓரம், த்ராட்டில் கேஸ்கட், டிப்ஸ்டிக் குழாய் ஆகிய இடங்களைப் பாருங்கள். குளிரில் ஒருமுறை, சூட்டில் ஒருமுறை.

சீறல் சத்தத்துக்கு ஸ்மோக் டெஸ்ட் போதாது. 0.05 பாரில் ஒட்டிக்கொண்டிருக்கும் இன்டர்கூலர் ஹோஸ் 0.5 பாரில் வாய் பிளக்கும். டர்போ வாயில் பொருந்தும் அடைப்பு ஒன்றைக் கிளாம்ப் போட்டு, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரெஸரால் 0.2 பாரில் தொடங்கி 0.5 வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் தேவையில்லை. பிசிவி ஹோஸ் டர்போ வாய்க்குச் சேரும் இடத்தையும் அடைக்க வேண்டும், இல்லையென்றால் கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் ஏறி சீல் பிதுங்கும். ஆயில் மூடியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாயிலிருந்து பலமாகக் காற்று வந்தால் மேலே சொன்ன பிசிவி செக் வால்வ் உறுதியாகப் போய்விட்டது. பிஸ்டன் வழியாக வரும் சிறு காற்றை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கண்ணாடி அணியுங்கள், குழாய்க்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள். கழன்ற ஹோஸ் வேகமாக அடிக்கும். ஹோஸ் வெளிப்புறத்தில் ஈரமான ஆயில் படிந்து அதன் மேல் தூசி ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அதுதான் இடம்.

இன்டர்கூலர் குழாயில் மெல்லிய ஆயில் படலம் இருப்பது பழைய டர்போவுக்கு இயல்பு. பிசிவி ஆவி டர்போ வாய் வழியாகத்தான் போகிறது, அதன் ஆயில் எங்காவது படிந்துதானே ஆக வேண்டும். குட்டையாகத் தேங்கியிருந்தால் வேறு விஷயம். டர்போவைச் சோதிக்க, குளிர்ந்த இன்ஜினில் வாய்க் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் நடு நட்டை விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் சிறு ஆட்டம் இருக்கும், ஆயில் அழுத்தம் இல்லாதபோது அது சாதாரணம். முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தெரியக் கூடாது. இறகு நுனியும் கூட்டின் சுவரும் உரசிய தடம் இருக்கக் கூடாது. நீண்ட ஐட்லிங்குக்குப் பின் ஆக்ஸிலேட்டர் மிதித்தால் நீலப்புகை வரக் கூடாது. இவை சரியாக இருந்தால் டர்போ நல்லது. கெட்ட டர்போகூட ஐட்லிங்கில் +25 டிரிம் காட்டாது. அந்த அறிகுறிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆக்சிஜன் சென்சார் வேலை செய்வதால்தான் இசியு இவ்வளவு திருத்தியிருக்கிறது. லீக்கை அடைத்ததும் டிரிம் இறங்கினால் சென்சார் சரியென்று நிரூபணமாகும். ஒரு விதிவிலக்கு: டர்பைனுக்கும் சென்சாருக்கும் நடுவே எக்ஸாஸ்ட் இணைப்பில் விரிசல் இருந்தால், ஐட்லிங்கில் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு சென்சாரை ஏமாற்றும். ஸ்மோக் டெஸ்டில் இன்டேக் பக்கம் ஒன்றுமே அகப்படாவிட்டால், சைலன்ஸர் வழியாகப் புகை விட்டு அந்த இணைப்பைப் பாருங்கள்.

மாற்றும்போது என்ன வாங்குவது? பிசிவி ஹோஸ்களை ஒற்றையாக மாற்றாதீர்கள். செக் வால்வ், அழுத்த வால்வோடு முழு செட்டாகப் போடுங்கள். ஒரே வயது ரப்பரில் ஒன்று கிழிந்தால் அடுத்ததும் வரிசையில் நிற்கிறது. மெல்லிய வேக்கம் ஹோஸ் 4 மி.மீ. உள்விட்டத்தில் மூன்று மீட்டர். பழையதை முனையில் அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சுவர் மெல்லியதாக இருந்தால் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண சிலிகான் ஹோஸ் ஆயில் ஆவியில் ஊறி வீங்கும். பிசிவிக்கு அது ஆகாது, ஆயில் தாங்கும் ரப்பரே வேண்டும். பிரேக் பூஸ்டருக்கு அதற்கென்றே வரும் சுருங்காத ஹோஸ் மட்டும். இன்ஜெக்டரைக் கழற்றுவதானால் மேலும் கீழும் சேர்த்து எட்டு ஓ-ரிங், மேனிஃபோல்டு கேஸ்கட் ஒன்று, த்ராட்டில் கேஸ்கட் ஒன்று. ரெயிலைத் தொடும் முன் பெட்ரோல் அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். ஓ-ரிங்கில் சுத்தமான இன்ஜின் ஆயில் ஒரு துளி தடவி நேராக அழுத்துங்கள். உலர்வாகச் செருகினால் முறுக்கிக்கொண்டு மறுபடி கசியும். மேனிஃபோல்டு போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு, இரண்டு சுற்றாக இறுக்குங்கள். இன்டர்கூலர் ஹோஸைப் போடும் முன் ஹோஸின் உட்புறத்தையும் குழாயையும் ஆல்கஹாலால் துடையுங்கள். ஆயில் படிந்த இடத்தில் எந்தக் கிளாம்ப்பும் நிற்காது.

லீக்கை அடைத்த பிறகு த்ராட்டில் அடாப்டேஷன். இத்தனை வருடம் படிந்த கரியையும் சேர்த்துத்தான் ‘இவ்வளவு திறந்தால் இவ்வளவு காற்று’ என்று இசியு கற்றிருந்தது. கரி போனதும் அதே திறப்பில் கூடுதல் காற்று போகிறது, ஆர்பிஎம் ஏறுகிறது, காலை எடுத்த நிலையில் ஆர்பிஎம் எல்லை தாண்டினால் இசியு பெட்ரோலை வெட்டுகிறது, விழுகிறது, மறுபடி விடுகிறது. 700-க்கும் 1150-க்கும் நடுவே நீங்கள் பார்ப்பது இந்த ஆட்டம். பேட்டரி நன்றாக சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஓடக் கூடாது, ஆக்ஸிலேட்டரில் கால் படக் கூடாது. உங்கள் வண்டிக்குரிய ஸ்கேனரில் த்ராட்டில் பேசிக் செட்டிங்கை ஓட்டுங்கள். த்ராட்டில் சில நொடி கிர்ரென்று திறந்து மூடும். முடிந்ததும் கோளாறு எண்களை அழித்து, பழைய டிரிம் கற்றலையும் அழித்துவிடுங்கள்.

பிறகு இன்ஜினைச் சூடாக்கி, பத்து நிமிடம் ஐட்லிங்கிலும் அரை மணி நேரம் சீரான வேகத்திலும் ஓட்டிவிட்டு அதே எண்களை மறுபடி எடுங்கள். ஐட்லிங்கில் காற்று 3 கிராமை ஒட்டியும், இரண்டு டிரிம்மும் சேர்த்து ±8-க்குள்ளும் வந்தால் வேலை முடிந்தது. ஐட்லிங்கிலும் 2500-லும் ஒரே அளவாக +10, +12 என்று நின்றால் லீக் போய்விட்டது, ஆனால் நீங்கள் வாங்கிய புது ஏர் மாஸ் மீட்டர் குறைத்து அளக்கிறது. பழைய மீட்டரைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதைத் திரும்பப் பொருத்தி, டிரிம் கற்றலை மறுபடி அழித்து, அதே சோதனையை ஓட்டுங்கள். எது பூஜ்யத்துக்கு அருகில் நிற்கிறதோ அதை வண்டியில் விட்டுவிடுங்கள்.